தையலுக்கு விட்ட நாலு விரல்

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார், கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு எழுதுவது. தாங்களும், தாங்கள் அங்கே எழுப்பிக்கொண்டிருக்கும் அந்தப் பெரிய ஆஸ்பத்திரிக் கட்டடமும் நிமிர்ந்து நின்று சௌக்கியமாக இருக்க வேண்டுமென்று விரும்புகிறேன். இங்கே நானும் உங்கள் மாமியாரும் உடம்பளவில் சௌக்கியம். மற்றபடி எப்படி என்பதைத்தான் இனிமேல் எழுதப்போகிறேன். ஆகையால் வாயில் ஏதாவது வைத்திருந்தால் விழுங்கிவிட்டு மேற்கொண்டு படிக்கவும்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். போனில் நான் நாலு வார்த்தை சூடாகப் பேசுவதற்குள் உங்கள் மாமியார் அதைப் பிடுங்கி, "அவர் சொல்றதை மனசுல வச்சுக்காதீங்க மாப்பிள்ளை, சாப்டீங்களா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிடுகிறாள். என் கோபம் பாதியில் நின்று நெஞ்சைக் கரிக்கிறது. காகிதத்தைப் பிடுங்கினால் கிழிந்துவிடும், எனக்குத் தெரிந்துவிடும். அதனால் தைரியமாக எழுதுகிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் வரைந்து, தொழிற்சாலையில் செய்து, லாரியில் ஏற்றி அனுப்பிய மாடி வீடு வந்து சேர்ந்தது. ஒரு திருகாணி குறையாமல் வந்து சேர்ந்தது. ஆனால் அது என் வீட்டின் மேலே இல்லை. பாதி என் வாசலிலும், கொஞ்சம் பின்பக்கத்திலும், ஒரு பெரிய பீம் எதிர்வீட்டு ஹெட்மாஸ்டரின் கேட்டுக்குக் குறுக்கேயும் கிடக்கிறது. அவருடைய ஸ்கூட்டர் உள்ளே மாட்டிக்கொண்டது. ரிட்டயரான மனுஷர், எங்கேயும் போகவேண்டிய அவசியம் இல்லாதவர். ஆனால் போக முடியாது என்று தெரிந்த நிமிஷத்திலிருந்து அவருக்கு இல்லாத வேலையெல்லாம் ஞாபகம் வந்துவிட்டது. காலையில் எழுந்ததும் கேட்டைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்க்கிறார். நான் பல் தேய்க்கக்கூட வாசலுக்கு வர முடியவில்லை.

இத்தனைக்கும் காரணம் நான்தான் என்று உங்கள் ஃபோர்மேன் நட்டநடுத் தெருவில் நின்று சொல்கிறார். கிடையாது. காரணம் நீங்கள்தான். எப்படி என்பதை ஆதியோடு அந்தமாகச் சொல்கிறேன், பொறுமையாகக் கேளுங்கள்.

உங்கள் ஆபீசில் உங்களைத் தொலைதூரத்துக் கிளைக்கு வரச்சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்று என் மகள் ஒருநாள் வந்து சொன்னாள். "அடுத்த மாசக் கடைசிக்குள்ள பதில் சொல்லணும்பா. இங்க நமக்குன்னு ஒரு இடம் இருந்தா போகமாட்டோம்னு சொல்லிடலாம். இல்லேன்னா கிளம்ப வேண்டியதுதான்" என்றாள். சாதாரணமாகத்தான் சொன்னாள். ஆனால் அன்றைக்கு உங்கள் மாமியார் மொட்டை மாடியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்த பார்வை இருக்கிறதே, ஒரு மாடிகூடப் போடத் துப்பில்லாதவன் என்று வாய்விட்டுச் சொல்லியிருந்தால்கூடத் தேவலை. கொத்தனாரைக் கூப்பிட்டுக் கேட்டேன். செங்கல் வைத்துக் கட்டினால் அடுத்த வருஷம்தான், அதுவும் இந்தப் பழைய சுவர் மாடியைத் தாங்குமா என்று தெரியாது என்று கையை விரித்துவிட்டார். அப்போதுதான் நீங்கள் வந்து, "கவலையே படாதீங்க மாமா, நான் என்ன வேலை பார்க்கிறேன்? ஃபேக்டரியில செஞ்சு கொண்டாந்து மாட்டிடலாம். பழைய சுவர் மேல ஒரு கிலோ வெயிட்கூட இறங்காது" என்றீர்கள். "அப்போ கீழ் வீடு சும்மா நிக்குமா?" என்று கேட்டேன். "சும்மா நிக்கும் மாமா." அடுக்களையிலிருந்து குரல் வந்தது: "உங்க மாமா மாதிரியா?"

என் கட்டிங் மேஜைமேல் காகிதத்தை விரித்து நீங்கள் விளக்கியதை நான் மறக்கவில்லை. சுவருக்கு வெளியே தனியாக இரும்புத் தூண்கள் நிற்கும். தூண்களின் மேல் பீம். பீமின் மேல் நெளிநெளியாக ஒரு தகடு, அதன்மேல் கான்கிரீட். "கான்கிரீட் அமுக்குனா தாங்கும் மாமா, இழுத்தா விட்டுடும். இரும்பு இழுத்தாலும் தாங்கும், ஆனா மெல்லிசா இருந்தா நெளியும். ரெண்டையும் சேர்த்துப் பிடிச்சுட்டா ஒண்ணோட குறையை இன்னொண்ணு சரிக்கட்டிடும். பீமும் சின்னதா போதும்" என்றீர்கள். அப்படிச் சேர்த்துப் பிடிப்பதற்குத்தான் பீமின் முதுகு நெடுகிலும் குண்டுத் தலை வைத்த ஆணிகள் என்றீர்கள். எனக்கு உடனே பிடிபட்டது. காலருக்குள் கேன்வாஸ் வைத்துத் தைப்பதும் இதேதான். வெறும் துணி துவண்டு விழும், வெறும் கேன்வாஸ் கழுத்தை அறுக்கும், இரண்டையும் சேர்த்துத் தைத்தால் நிமிர்ந்து நிற்கும். "கரெக்ட் மாமா, அதேதான்!" என்று நீங்கள் மேஜையைத் தட்டினீர்கள். இதையெல்லாம் கேட்டுக்கொண்டே வந்த உங்கள் மாமியார், "நடுவுல அந்த ஆணி இல்லேன்னா என்ன ஆகும் மாப்பிள்ளை?" என்று கேட்டாள். "அது பாட்டுக்கு அது ஒரு பக்கம் வழுக்கும், இது பாட்டுக்கு இது ஒரு பக்கம் வழுக்கும் அத்தை." "அப்போ எங்களுக்கு ஆணி அடிக்க மறந்துட்டாங்க போல" என்று சொல்லிவிட்டுப் போனாள். நீங்கள் சிரித்தீர்கள் மாப்பிள்ளை. நான் அதை மறக்கவில்லை.

பிறகு கணக்குப் போடுவதற்கு, மேலே எத்தனை பேர் இருப்பார்கள், என்னென்ன சாமான் இருக்கும் என்று கேட்டீர்கள். ஆள் இரண்டு, கட்டில் ஒன்று, பீரோ ஒன்று என்றேன். "உங்க அத்தை என்கூட சண்டை போட்டுட்டு மேல வந்து உக்காந்தா?" என்றும் கேட்டேன். "அதையும் தாங்கும் மாமா" என்றீர்கள். அதுவரைக்கும் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது.

கெட்டது எங்கே என்றால், நீங்கள் அந்த ஆஸ்பத்திரி வேலைக்குப் போன பிறகு அங்கிருந்து போன் செய்தீர்களே, அங்கே. "மாமா, நான் இங்க மாட்டிக்கிட்டேன். அளவு எடுக்கிறதுல உங்களை அடிச்சுக்க ஆள் இல்ல. வீட்டோட வெளி அளவு, நீளம் அகலம் ரெண்டையும் எடுத்து அனுப்பிடுங்களேன். மில்லிமீட்டர்ல" என்றீர்கள். அடிச்சுக்க ஆள் இல்லை என்ற அந்த வார்த்தையில்தான் நான் விழுந்தேன். பென்சிலைக் காதில் சொருகிக்கொண்டு இறங்கிவிட்டேன். டேப்பின் ஒரு முனையை உங்கள் மாமியார் பிடித்தாள். "இழுத்துப் பிடி" என்றால், "ரொம்ப இழுத்தா அறுந்துடும்" என்கிறாள். "அப்போ விட்டுப் பிடி" என்றால், விட்டேவிட்டாள், டேப் சுருண்டு வந்து என் முட்டியில் அடித்தது. எல்லாச் சண்டையும் போட்டு முடித்து, எடுத்த அளவில் அகலத்துக்கு நாலு விரல், நீளத்துக்கு நாலு விரல் கூட்டி, நல்லபடியாக எழுதி அனுப்பினேன்.

ஏன் கூட்டினீர்கள் என்று, எல்லாம் கெட்ட பிறகு போனில் கேட்டீர்கள். இது என்ன கேள்வி? நாற்பது வருஷமாக இந்தக் கை டேப் பிடிக்கிறது. ஒருத்தர் மார்பளவு என்னவோ அதே அளவுக்கு எவனாவது துணியை வெட்டுவானா? வெட்டினால் போட்டவர் மூச்சு விட வேண்டாமா, குனிய வேண்டாமா, வயிறாரச் சாப்பிட வேண்டாமா? தையலுக்கு விடணும். முதல் தண்ணியில் சுருங்குமே, அதற்கு விடணும். நாளைக்கு உடம்பு போட்டால் பிரித்து விடுவதற்கு உள்ளே கொஞ்சம் மடித்து வைக்கணும். அப்படி விடாதவன் டெய்லரே இல்லை, அவனைக் கத்திரிக்கோலைத் தொடவே விடக்கூடாது. இரும்பு சுருங்காது மாமா என்கிறீர்கள். குளிர்ந்தால் சுருங்கும், சூடானால் நீளும் என்று இதே வாயால்தானே என் கட்டிங் மேஜையில் சொன்னீர்கள்? அப்போது சுருங்கிய இரும்பு இப்போது எனக்கு மட்டும் சுருங்காதா? அப்புறம் என்னமோ டாலரன்ஸ், அளவு பிசகினால் இரண்டு மில்லிமீட்டர்தான் பிசகலாம் என்றீர்கள். அடக் கடவுளே, என் சாக்பீஸ் கோட்டின் தடிமனே இரண்டு மில்லிமீட்டர் இருக்கும்!

நியாயமாகப் பார்த்தால், மாமனார் டெய்லர் என்று தெரிந்துதானே பெண் எடுத்தீர்கள்? டெய்லர் கொடுக்கும் அளவில் தாராளம் இருக்கும் என்று தெரிய வேண்டாமா? வாங்குகிறவர் கழித்துக்கொள்ள வேண்டியதுதானே? "ஒருதடவை சரிபார்த்துட்டீங்களா மாமா?" என்று நீங்கள் கேட்டது வாஸ்தவம். "என்னைப் பார்த்தா கேக்குறீங்க?" என்று நான் போனை வைத்ததும் வாஸ்தவம். ஆனால் நீங்கள் திரும்பவும் கேட்டிருக்க வேண்டும். மாமனார் கோபித்துக்கொள்வார் என்று பயந்து கேட்காமல் விட்டது யார் தப்பு? இரும்பையும் கான்கிரீட்டையும் கட்டி மேய்க்கிற ஆள், ஒரு கிழவனுக்கு இப்படியா பயப்படுவது?

அடுத்தது கொத்தனார். தூண் நிற்க வேண்டிய குழிகளைத் தோண்டி, கான்கிரீட் போட்டு, அதற்குள் போல்ட்டுகளை நட்டு வைக்க வேண்டியது அவர் பொறுப்பு. நீங்கள் அனுப்பிய படத்தை அவர் பயபக்தியோடு வாங்கி, நாலாக மடித்து, மேல்பையில் வைத்துக்கொண்டார். அதோடு சரி. "சுவர்தான் கண்ணு முன்னால நிக்குதே மாஸ்டர், படம் எதுக்கு?" என்று சுவரை ஒட்டி நூலைப் பிடித்து, நூல் சொன்ன இடத்தில் போல்ட்டை நட்டுவிட்டார். ஒரு வார்த்தை என்னைக் கேட்டிருந்தால் நாலு விரல் தள்ளிப் போடச் சொல்லியிருப்பேன். கேட்டேன், "ஏன்யா, கொஞ்சம் தாராளமா விட்டிருக்கக் கூடாதா?" என்று. "நூலுக்கு என்ன மாஸ்டர் தாராளம்?" என்கிறார். நேர்மையான மனுஷர்களை வைத்துக்கொண்டு ஒரு வேலையும் நடக்காது என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

இந்த லட்சணத்தில் லாரி வந்தது. வழியெல்லாம் மழை போலிருக்கிறது, ஒவ்வொரு இரும்பும் சேறும் சகதியுமாக வந்து இறங்கியது. "புது வீட்டுச் சாமான் இப்படியா அழுக்கா வரும்?" என்று உங்கள் மாமியார் வாளியும் பிரஷ்ஷுமாக உட்கார்ந்து ஒன்று விடாமல் தேய்த்துக் கழுவிவிட்டாள். கழுவின பிறகுதான் தெரிந்தது, எந்த இரும்பு எங்கே போகணும் என்று தொழிற்சாலையில் எழுதி அனுப்பியிருந்த எண்களும் சேற்றோடு போய்விட்டன என்று. அவள் முகம் போன போக்கைப் பார்த்து எனக்கே பாவமாக இருந்தது. விடு, நான் பார்த்துக்கறேன் என்று உங்கள் படத்தை விரித்து வைத்துக்கொண்டு, எது எது என்று கண்டுபிடித்து, எனக்குத் தெரிந்த முறையில் சாக்பீஸால் எழுதி வைத்தேன்: முன்பக்கம், முதுகு, இடது கை, வலது கை, காலர்.

மறுநாள் ஃபோர்மேன் ஆட்களோடு வந்து இதை ஒவ்வொரு இரும்பாகச் சுற்றி வந்து படித்தார். அப்புறம் தொப்பியைக் கழற்றிவிட்டுக் கேட்டார். "மாஸ்டர், இந்த வலது கை... போட்டுக்கிறவருக்கு வலதா, பாக்கிறவருக்கு வலதா?" நல்ல கேள்வி. எனக்கே அவர்மேல் ஒரு மரியாதை வந்தது. ஆனால் நான் பதில் சொல்வதற்குள் ஹெட்மாஸ்டர் தெருவைக் கடந்து வந்து, வலது இடது என்பதே பார்ப்பவரின் நிலையைப் பொறுத்தது என்று ஆரம்பித்துவிட்டார். கடைசியில் ஃபோர்மேன் ஆட்களை விட்டு ஒவ்வொரு இரும்பிலும் எத்தனை ஓட்டை என்று எண்ணிப் பார்க்கச் சொல்லிப் பிரித்து எடுத்தார். அப்படி எடுத்ததில் என் குறிப்பு எல்லாமே சரி, காலர் ஒன்றைத் தவிர. அதை நான் எழுதியிருந்தது படிக்கட்டின் கைப்பிடியில்.

கிரேன் வந்தது. தெருவே கூடிவிட்டது. தூண்களை ஒவ்வொன்றாகத் தூக்கிப் போல்ட்டுகளில் இறக்கினார்கள், அம்சமாக உட்கார்ந்தன. உங்கள் மாமியார் என் கையைப் பிடித்துக்கொண்டாள், அவள் அதைச் செய்து எவ்வளவு காலம் ஆயிற்றோ. அப்புறம் அந்த நீள பீமைத் தூக்கினார்கள். மேலே போயிற்று, ஆடிற்று, இறங்கிற்று, இந்தப் பக்கத் தூணில் போல்ட்டு சரியாக விழுந்தது. அந்தப் பக்கத் தூணைத் தாண்டி நாலு விரல் நீட்டிக்கொண்டு நின்றது. காஜா ஒரு இடத்தில், பொத்தான் ஒரு இடத்தில். திருப்பிப் பார்த்தார்கள், அப்போது இந்தப் பக்கம் நாலு விரல். எல்லாரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். என்னால் பொறுக்க முடியவில்லை, "கொஞ்சம் பிடிச்சு உள்ள மடிங்கய்யா!" என்று கீழேயிருந்து கத்தினேன். ஃபோர்மேன் மேலேயிருந்து குனிந்து பார்த்து நிதானமாகச் சொன்னார்: "மாஸ்டர், இது பேன்ட் இல்ல. பீம்."

தெருவில் சிரித்த சிரிப்பு இருக்கிறதே மாப்பிள்ளை, உங்கள் ஆஸ்பத்திரிவரைக்கும் கேட்டிருக்க வேண்டும். கிரேன்காரர் அடுத்த வேலைக்கு நேரமாகிவிட்டது என்று பீமை நின்ற இடத்திலேயே இறக்கிவிட்டுப் போனார். நின்ற இடம் ஹெட்மாஸ்டர் கேட்டுக்கு முன்னால்.

அன்றிலிருந்து அந்த பீம்தான் தெருவுக்குப் பெஞ்சு. சாயந்திரம் ஆனால் போகிறவர் வருகிறவர் எல்லாம் அதில் உட்கார்ந்துவிடுகிறார்கள், உங்கள் மாமியார் டீ போட்டுக் கொடுக்கிறாள். முதலில் ஹெட்மாஸ்டர் முறைத்துக்கொண்டு நின்றார், அப்புறம் ஓரமாக உட்கார்ந்தார், இப்போது நடுவில் உட்கார்ந்து சபை நடத்துகிறார். ஆணி வரிசை பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருப்பதால் தன்னுடைய பையையும் தொப்பியையும் அதில் மாட்டிக்கொள்கிறார். கான்கிரீட்டைப் பிடிக்கச் செய்த ஆணி இப்படி ஆயிற்றே என்று எனக்கு வயிறு எரிகிறது. இதில் பீமின் சிவப்புப் பெயிண்ட் அவர் பேன்ட் பின்பக்கத்தில் ஒட்டிக்கொண்டதாம், புதுப் பேன்ட் நான்தான் தைத்துத் தர வேண்டுமாம். தைத்துத் தருகிறேன். தாராளமே விடாமல் தைத்துத் தருகிறேன், உட்காரட்டும் பார்ப்போம்.

சுவர்ப் பலகைகளின் கதை தனி. இரண்டு தகடுக்கு நடுவே நுரையை வைத்து அடைத்த பலகைகள், வெயிலும் சத்தமும் உள்ளே வராது என்றீர்களே, அவைதான். அதில் ஜன்னல் வைத்த பலகை ஒன்றைப் பின்பக்க மதிலில் சாய்த்து வைத்திருக்கிறோம். உங்கள் மாமியார் தினமும் காலையில் போய் அந்த ஜன்னலைத் திறந்து வைக்கிறாள், சாயந்திரம் போய்ச் சாத்துகிறாள். பின்னால் இருப்பது வெறும் மதில் சுவர். "ஏன்டி, காத்து எங்கிருந்து வரும்?" என்று கேட்டேன். "அவங்க வரும்போது கீல் இறுகிப்போயிருக்கக் கூடாதில்ல" என்கிறாள். நேற்று அதற்குத் திரையும் தைத்துத் தரச்சொல்லிக் கேட்டாள். அளவு மட்டும் எடுத்துக்கொண்டு வந்தேன்.

இனி முடிவுக்கு வருகிறேன். ஃபோர்மேன் இரண்டு வழி சொல்கிறார். ஒன்று, பீம், தகடு, பலகை எல்லாவற்றிலும் நாலு விரல் வெட்டி, புது ஓட்டை போட்டு மாட்டுவது. சீக்கிரம் முடிந்துவிடும், நீங்கள் ஆபீசுக்குப் பதில் சொல்ல வேண்டிய நாளுக்குள் மாடி ரெடி. இன்னொன்று, இரும்பில் கை வைக்காமல், கொத்தனார் போட்ட அஸ்திவாரத்தை உடைத்துத் தள்ளிப் போடுவது. அதற்குக் கான்கிரீட் இறுக வேண்டும், நாள் ஆகும், நீங்கள் சொன்ன கெடு தாண்டிவிடும். நீங்களானால், "கணக்குப்படி ரெண்டுமே நிக்கும் மாமா, நீங்களே முடிவு பண்ணுங்க" என்று பந்தை என் பக்கம் உருட்டிவிட்டீர்கள். "நாள் ஆனா என்னப்பா, மாடி முடியறவரைக்கும் உங்க தையல் ரூம்ல இருந்துக்கிறோமே, அதைச் சொல்லியே ஆபீஸ்ல மறுத்துடலாமே" என்று என் மகள் கேட்டாள். முடியாது. அந்த ரூமில் வெளிச்சம் விழுகிற ஜன்னலோரம் என் மெஷின் நிற்கிறது. அது நின்ற இடத்தை விட்டு நகர்ந்ததே இல்லை. எனக்குக் கண்ணே அந்த வெளிச்சம்தான். மெஷினை நகர்த்துவதும் என்னை நகர்த்துவதும் ஒன்றுதான் என்று அவளிடம் கறாராகச் சொல்லிவிட்டேன். முகம் சுருங்கிப் போனாள், போகட்டும்.

ஆகவே என் முடிவு இதுதான். வெட்டுங்கள். திங்கட்கிழமை ஃபோர்மேன் வந்ததும் நாலு விரலையும் வெட்டி எறியச் சொல்லுங்கள். நான் பார்த்துப் பார்த்து விட்ட தாராளத்தை என் கண் முன்னாலேயே வெட்டுங்கள், நான் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். ஆள் இரண்டு, கட்டில் ஒன்று, பீரோ ஒன்று, இதற்கு நாலு விரல் குறைந்தால் என்ன குடி முழுகிப்போகும்? வெட்டியும் கெடுவுக்குள் முடியவில்லை என்றால் தாராளமாக அந்தத் தொலைதூரத்துக்குக் கிளம்புங்கள், எனக்கு ஒன்றும் இல்லை. நான் உண்டு என் மெஷின் உண்டு. இரும்புக் கடைக்காரரைக் கூப்பிட்டு உங்கள் வீட்டை எடைக்குப் போட்டுவிடுவேன், அந்த ஜன்னல் பலகையை மட்டும் உங்கள் மாமியாருக்கு வைத்துக்கொண்டு. இது என் கடைசி வார்த்தை. மாற்றிப் பேசுகிற வழக்கம் எனக்கு இல்லை என்று உங்களுக்கே தெரியும்.

நீங்கள் போடும் கோடெல்லாம் நேராக விழவும், நட்ட தூணெல்லாம் நட்டபடி நிற்கவும், எடுத்த காரியம் எல்லாம் ஒரு தடவையிலேயே பொருந்தவும் மனசார ஆசீர்வதிக்கிறேன். வெயிலில் தொப்பி இல்லாமல் நிற்க வேண்டாம். உங்கள் மாமியார் விசாரித்ததாகச் சொல்லச் சொன்னாள், சாப்பிட்டீர்களா என்றும் கேட்கச் சொன்னாள்.

இப்படிக்கு,
கோபமும் மரியாதையும் சற்றும் குறையாத
உங்கள் மாமனார்

பி.கு.: உறையை ஒட்டிவிட்டேன், பிறகு பிரித்தேன். உறை கிழிந்திருப்பதைப் பார்த்து வேறு யாரோ படித்துவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம்.

இன்றைக்குச் சாயந்திரம் உங்கள் வீட்டுக்காரி வந்தாள். நான் தைத்துக் கொடுத்த நீல மேல்சட்டையைப் போட்டிருந்தாள். அம்மாவும் பெண்ணுமாக அந்த ஜன்னல் பலகைக்குத் திரை எப்படி வரும் என்று பிடித்துப் பார்த்தார்கள். என் மகள் கையைத் தூக்கித் துணியை மேலே பிடித்தபோது எனக்கு இடுப்புத் தையல் தெரிந்தது. அது என் தையல் இல்லை மாப்பிள்ளை. நூல் வேறு நிறம். கையால் போட்ட தையல், அதுவும் கோணல். பக்கத்துக்கு ஒரு விரல் பிரித்து விட்டிருக்கிறாள். உடம்பு போட்டிருக்கிறாள் என்று வைத்துக்கொண்டால் கையையும் பிரித்திருக்க வேண்டும், மார்பையும் பிரித்திருக்க வேண்டும். பிரித்தது இடுப்பு மட்டும்தான். ஊரில் எத்தனையோ பேருக்குப் பிரித்து விட்டிருக்கிறேன், எனக்குத் தெரியாதா? நான் டேப்பை எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். கண்ணாடியை மறுபடி துடைக்க வேண்டியதாகிவிட்டது.

உங்கள் மாமியாருக்கு இன்னும் தெரியாது. நான் முந்திக்கொண்டேன் என்று தெரிந்தால் இந்த ஜென்மத்துக்கு டீ கிடைக்காது, ஆகையால் வாயைத் திறக்கவில்லை. உங்களிடம் என் மகள் சொல்லிவிட்டாளா, நேரில் சொல்லலாம் என்று வைத்திருக்கிறாளா தெரியவில்லை. சொல்லவில்லை என்றால், சொல்லும்போது நன்றாக ஆச்சரியப்படுங்கள். இப்போதிருந்தே கண்ணாடி முன்னால் நின்று பழகிக்கொள்ளுங்கள்.

மேலே எழுதியது எதையும் கணக்கில் எடுக்க வேண்டாம். கிழித்துப் போட்டுவிட்டு வேறு எழுதியிருக்கலாம்தான், ஆனால் இவ்வளவு நன்றாக யாரையும் திட்டி ரொம்ப நாளாயிற்று, வீணாக்க மனசு வரவில்லை. வெட்டாதீர்கள். இரும்பில் ஒருத்தரும் கை வைக்கக் கூடாது, அஸ்திவாரத்தைத் தள்ளிப் போடச் சொல்லுங்கள். கொத்தனாரிடம் நானே பேசிவிட்டேன், படத்தை மேல்பையிலிருந்து எடுத்துப் பிரித்தும் பார்த்துவிட்டார். நாலு விரலில் என்ன வந்துவிடும் என்பீர்கள். கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவில் ஒரு தொட்டில் போட்டால், அது எதிலும் இடிக்காமல் ஆடுவதற்கு நாலு விரல் வேணும். உங்கள் கணக்கில் ஆள் இரண்டு என்று இருப்பதையும் மூன்று என்று திருத்திக்கொள்ளுங்கள். ஆபீசுக்கு இன்றைக்கே பதில் எழுதிவிடுங்கள், வரமாட்டோம் என்று. மாடி முடிகிறவரைக்கும் என் தையல் ரூமில் இருங்கள். மெஷினை நானும் ஹெட்மாஸ்டருமாக இப்போதுதான் வாசல் நடைக்குத் தூக்கிப் போட்டோம். அங்கே வெளிச்சம் பரவாயில்லை.

இன்னொன்று. அந்த நீலச் சட்டையில் அவள் பிரித்தது ஒரு விரல்தான். அடுத்த மடிப்புக்குள் இன்னும் இரண்டு விரல் விட்டு வைத்திருக்கிறேன், அது அவளுக்குத் தெரியாது. சமயம் வரும்போது நீங்களே கண்டுபிடித்ததுபோல் சொல்லிவிடுங்கள்.